அண்ணனுக்கு உள்ளே ஓர் அறை

என் அண்ணன் பழைய கார் விற்கும் ஷோரூமில் மேனேஜர். பேரம் பேசாமல் அவன் ஒரு குண்டூசிகூட வாங்கியதில்லை. வருஷா வருஷம் பள்ளிக்கூட லீவு விட்டதும் பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், ஆறு பைகளோடு எங்கள் ஊருக்கு வந்துவிடுவான். என்மேல் பாசம் பொங்கி வழிந்து அல்ல. எங்கள் ஃபிளாட்டிலிருந்து மூன்று பஸ் ஸ்டாப் தள்ளி ஒரு பெரிய தீம் பார்க் இருக்கிறது. துணி காயப்போடப் பால்கனிக்குப் போனால் அதன் ராட்சத ராட்டினம் தெரியும். காற்று இந்தப் பக்கம் அடித்தால் ரோலர் கோஸ்டரில் தலைகீழாகத் தொங்குகிறவர்களின் அலறல் சமையலறை வரைக்கும் வரும்.

அண்ணனுக்கு ஒரு வழக்கம். முதலில் பார்க்குக்குள்ளேயே இருக்கும் ஓட்டலில் வாடகை விசாரிப்பான். பிறகு வெளியே மெயின் ரோட்டில் இருக்கும் லாட்ஜுகளை விசாரிப்பான். இரண்டையும் எனக்குப் போன் போட்டு ஒப்பிப்பான். கடைசியில் இரண்டும் வேண்டாம் என்று என் வீட்டு வாசலில் வந்து இறங்குவான். இந்த வருஷமும் போன் வந்தது.

"உள்ள தங்கினா வாடகை ரெண்டு மடங்கும்மா. ஆனா கேட் திறக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே உள்ள விட்டுடறான். பிள்ளைங்களுக்குக் காலைச் சாப்பாடு ஃப்ரீ. வெளிய தங்கினா வாடகை பாதி. ஆனா டாக்சிக்குப் போக வர அழணும். மத்தியானம் கால் வலிக்குதுன்னு பிள்ளைங்க உக்காந்துட்டா ரூமுக்குத் திரும்ப முடியாது. உள்ள ஒரு தண்ணி பாட்டில் யானை விலை குதிரை விலை. கூட்டிக் கழிச்சுப் பார்த்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்."

"அப்ப உள்ளயே தங்கிடு."

"எதுக்கு? அதான் உன் வீடு இருக்கே."

அவன் கணக்கில் என் வீட்டுக்கு நேராகப் பூஜ்யம். நான் கண்ணாடிக் கடையில் பில் போடுகிறவள். இவர்கள் வந்தால் எடுக்கும் லீவுக்குச் சம்பளம் கிடையாது. நான்கு பேருக்கு மூன்று வேளை ஆக்கிக் கொட்டுவது, அவர்கள் போனபின் மலை மாதிரி குவியும் படுக்கை விரிப்புகளைத் துவைப்பது, இதெல்லாம் எந்த வரியிலும் வராது. மற்ற வருஷங்களில் பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றுவிடுவேன். இந்த வருஷம் முடியாது. அவர்கள் வழக்கமாகத் தங்கும் அறையில் என் மகள் இருந்தாள்.

அம்முவுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம். மாப்பிள்ளை அண்ணியின் சொந்த அக்கா மகன். "தங்கமான பையன், என் கையால சோறு தின்னு வளர்ந்தவன்" என்று அண்ணிதான் ஜாதகக் கட்டு மாதிரி அவனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அண்ணன் பேசி முடித்தான். அந்தத் தங்கம் அடித்த அடியில் என் பெண்ணின் இடது காதில் ஜவ்வு கிழிந்துவிட்டது. ஆபீஸ் வேலையாக வேறு ஊரில் ஒரு மாதம் டிரெயினிங் என்று அவனிடம் சொல்லிவிட்டு, ஒரு பையோடு என்னிடம் வந்து சேர்ந்தாள். அவனும் நம்பினான், ஊரும் நம்பியது. அந்த மாதம் முடிவதற்குள் நோட்டீஸ் அனுப்பிவிடலாம், அதுவரை அவள் இங்கே இருப்பது ஒரு ஈ காக்கைக்குத் தெரியக்கூடாது என்று வக்கீலம்மா சொல்லியிருந்தாள்.

அண்ணனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அன்று சாயங்காலமே மாப்பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிவருவான். நடு வீட்டில் உட்காரவைத்து, "ரெண்டு பேரும் கொஞ்சம் விட்டுக்குடுங்க" என்று கார் விற்கிற மாதிரியே பேசி, இரவுக்குள் அவளை வண்டியில் ஏற்றிவிடுவான். அம்மு கெஞ்சிக் கேட்டிருந்தாள். "மாமா வந்தா நான் செத்தேம்மா. எல்லார் முன்னாடியும் அவர் பேச ஆரம்பிச்சா எனக்கு முடியாதுன்னு சொல்லவே வாய் வராது."

அதனால் நான் அண்ணனோடு அவன் பாஷையிலேயே சண்டை போட்டேன்.

"என் வீட்ல தங்கினா உனக்கு ஒரு மணி நேரம் முன்னாடி உள்ள விட மாட்டான். வரிசையில நின்னே பாதி நாள் போயிடும். அப்புறம் வரிசை தாண்டிப் போற பாஸ் நாலு பேருக்கு வாங்கணும். அதுக்கு என்ன விலைன்னு பாத்தியா?"

"பாஸ் எதுக்கு? விடியக்காலையில எழுந்து போய் நின்னுக்கறோம்."

"லிஃப்ட் ரிப்பேர். அஞ்சு மாடி."

"பிள்ளைங்களுக்கு எக்ஸர்சைஸ்."

"தண்ணி காலையில கொஞ்ச நேரம்தான் வருது."

"பார்க்லயே நாள் பூரா நனையப் போறோம், குளிக்கணுமா என்ன?"

"மூட்டைப்பூச்சி வந்துடுச்சு அண்ணா, அந்த ரூம்ல."

"மருந்து அடி."

கல்லில் நார் உரிக்கலாம், இவனிடம் ஒரு ராத்திரி வாடகையை உரிக்க முடியாது. எனக்குக் கடைவாய்ப் பல் வேறு வலித்துக்கொண்டிருந்தது. கோபத்தில் வாய் தவறிவிட்டது என்று சொல்லமாட்டேன், யோசித்துத்தான் சொன்னேன். "உள்ள தங்கறதுக்கும் லாட்ஜுக்கும் எவ்வளவு வித்தியாசமோ அதை நான் தரேன். நீ உள்ளயே தங்கு."

கூடப் பிறந்தவன், அதுவும் மூத்தவன், உன் காசு எனக்கெதுக்கு என்று சொல்வான் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு என் அண்ணனைத் தெரியாது.

"லாட்ஜுக்கும் உள்ளயும் இல்லம்மா," என்றான். "உன் வீட்ல தங்கினா எனக்குச் செலவே கிடையாதே. வித்தியாசம்னா முழு வாடகைதானே?"

பேரம் பேசிப் பாதிக்குக் கொண்டுவந்தேன். பல்லுக்கு என்று வைத்திருந்த பணத்தை அனுப்பினேன். வந்து சேர்ந்தது என்றுகூட ஒரு வார்த்தை வரவில்லை. அண்ணி மட்டும் போன் செய்து, "சொந்தக்காரங்க வந்து தங்கக்கூடாதுன்னு காசு குடுக்கற குடும்பத்தை இப்பதான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். சொல்லிக்கொள், பேர் கெட்டால் கெடட்டும் என்று இருந்துவிட்டேன்.

அவர்கள் வந்தார்கள், பார்க்குக்குள் தங்கினார்கள். அந்த நாட்களில் அம்மு பால்கனிப் பக்கமே போகவில்லை. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ஹெட்போனை வலது காதில் மட்டும் மாட்டிக்கொண்டு ஆபீஸ் வேலையைப் பார்த்தாள். காற்றில் அந்த அலறல் வரும்போதெல்லாம் அதில் என் அண்ணன் குரலும் இருக்கிறதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. இன்று சாயங்காலம் ரயிலேறிவிடுவார்கள், தலைவலி விட்டது என்று மதியச் சோற்றுக்கு உலை வைத்தேன். அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் அண்ணன், அண்ணி, பிள்ளைகள், ஆறு பைகள். லிஃப்ட் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது, அதையும் பார்த்துவிட்டுத்தான் வந்து நின்றான்.

"பதினோரு மணிக்கு ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டான்," என்றான். "டிரெயின் சாயங்காலம். அதுவரைக்கும் பை வைக்கணும்னா பைக்கு இவ்வளவுன்னு காசு கேக்கறான், கொள்ளைக்காரன். தள்ளு, வெயில்ல வந்திருக்கோம்."

இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்பார்கள். நான் இடமே கொடுக்கவில்லை, காசு கொடுத்து வேறு இடம் பார்த்துக் கொடுத்தேன். அப்போதும் மடத்தைப் பிடுங்க வந்துவிட்டான். கதவின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

"உள்ள வர முடியாது அண்ணா. பூச்சி மருந்து அடிச்சிருக்கு. மூச்சு முட்டும்."

"அப்ப நீ எப்படி உயிரோட நிக்கற?"

"எனக்குப் பழகிடுச்சு."

"சோறு வேகற வாசனை வருது, மருந்து வாசனையே வரலையே?" என்றாள் அண்ணி. அவள் மூக்கு அப்படி.

"பையை வேணா வாசல்ல வைங்க. நான் பாத்துக்கறேன். நீங்க போய் எங்கயாவது உக்காந்துட்டு வாங்க."

அண்ணன் முகம் சிவந்துவிட்டது. "என்னடி நெனச்சிட்டு இருக்க நீ? நான் என்ன பிச்சைக்காரனா? அப்பா போனப்புறம் உன் கல்யாணத்தை நின்னு நடத்தினவன் நான். உன் பொண்ணு கல்யாணத்தையும் நான்தான் நடத்தினேன். ஒரு அரை நாள் உக்கார இடமில்லையா எனக்கு?"

பக்கத்து வீட்டுக் கதவு ஒரு விரல் அளவுக்குத் திறந்தது. பெரிய பிள்ளை தன் பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சண்டையெல்லாம் அப்புறம் போடுங்க. நான் பாத்ரூம் போகணும்" என்றாள்.

"பாத்ரூம்ல…"

"பாத்ரூம்ல பூச்சியா? இருந்துட்டுப் போகட்டும். என்னால அடக்க முடியாது."

பாத்ரூம் போக வேண்டும் என்கிற பொம்பளையை எந்த வாயால் தடுப்பது? என் கைக்குக் கீழே குனிந்து அவள் உள்ளே நுழைந்துவிட்டாள். பின்னால் ஓடலாம் என்று திரும்பினால், அண்ணன் ஒரு காலை நிலைக்கு உள்ளே எடுத்து வைத்தான். நான் அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன். சின்ன வயதில்கூட அவனை அப்படித் தள்ளியதில்லை. அவன் அசந்துபோய் நின்றான்.

உள்ளே கதவுச் சத்தம் கேட்டது. பாத்ரூம் கதவு இல்லை. வருஷா வருஷம் தங்கிய அறை. கால் பழக்கத்தில் அங்கேயே போயிருக்கிறது. அவ்வளவுதான், எல்லாம் போச்சு, இப்போது கத்துவாள், "ஏங்க, இங்க வந்து பாருங்க" என்பாள் என்று காத்திருந்தேன். அண்ணன் என்னென்னவோ திட்டிக்கொண்டிருந்தான். ஒன்றும் என் காதில் ஏறவில்லை.

அண்ணி வெளியே வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"கிளம்புங்க," என்றாள் அண்ணனிடம். "குழாயில சொட்டுத் தண்ணி இல்ல. மருந்து நாத்தம் குடலைப் பிடுங்குது. மனுஷன் இருப்பானா இந்த வீட்ல?"

"இப்பதான் மருந்து வாசனை வரலைன்னு நீயே…"

"உள்ள போய்ப் பாத்தவ சொல்றேன். பிள்ளைங்களுக்கு வாந்தி வந்தா டிரெயின்ல யாரு அள்றது, நீங்களா? ஸ்டேஷன்ல ஃபேன் இருக்கு, பாத்ரூம் இருக்கு. பையைத் தூக்குங்க." பிறகு பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி என்னைப் பார்த்துக் கத்தினாள். "காசைக் குடுத்து உறவை அறுத்தவ வீட்ல இனிமே நான் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன்!"

அண்ணனுக்கு அது போதுமானதாக இருந்தது. இனிமேல் உன் வாசலை மிதித்தால் என்னைச் செருப்பால் அடி என்றான். நான் சரி என்றேன். லிஃப்ட் கதவு மூடும்வரை அவன் திட்டு நிற்கவில்லை.

கதவைத் தாழ் போட்டுவிட்டு அறைக்கு ஓடினேன். அம்மு கட்டிலில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். ஹெட்போன் தரையில் கிடந்தது.

"பாத்துட்டாங்களா?"

"பாத்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

"முதல்ல ஒண்ணும் சொல்லலம்மா. கிட்ட வந்து என் முகத்தைத் திருப்பிப் பஞ்சு வச்ச காதைப் பாத்தாங்க. 'எங்க அக்காவுக்கும் இந்தக் காதுதான் கேக்காது. அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கு'ன்னாங்க. அப்புறம், 'நான் உன்னைப் பாக்கல'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணியைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. பிறகுதான் அந்த வாக்கியம் முழுசாக மண்டையில் இறங்கியது. அக்காவுக்கும் இதே காது. அப்படியென்றால் அந்த வீட்டில் அப்பன் என்ன செய்கிறவன் என்று இவளுக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் தங்கமான பையன் என்று என் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். என் பெண்ணைக் காப்பாற்றியதும் இவள்தான், கிணற்றில் தள்ளியதும் இவள்தான்.

அன்று உலை வைத்த சோறு அப்படியே கிடந்தது. அம்மு வேண்டாம் என்றாள், விடும்மா, போனால் போகட்டும் என்றாள். என்னால் விட முடியவில்லை. ரயில் கிளம்பியிருக்கும் என்று தெரிந்ததும் அண்ணியின் போனுக்கு அடித்தேன். மூன்றாவது தடவை எடுத்தாள். சக்கரச் சத்தம் கேட்டது. சின்னவன் எதற்கோ அடம்பிடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி, ஒரே ஒரு கேள்வி. உங்க அக்கா வீட்ல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சேதான் என் பொண்ணைக் கேட்டு வந்தீங்களா?"

அவள் எழுந்து கதவுப் பக்கம் போயிருக்க வேண்டும், சக்கரச் சத்தம் கூடியது.

"தெரியும்," என்றாள். "நாங்கல்லாம் வாங்கிட்டு இருக்கலையா, அவளும் இருந்துடுவான்னு நெனச்சேன்."

"நாங்கல்லாம்னா? உங்க அக்கா சரி. இன்னும் யாரு?"

அவள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பின்னாலிருந்து அண்ணனின் குரல் வந்தது. வாசலில் என்னிடம் கத்திய குரல் அல்ல. அது மெதுவாக இருந்தது. அவன் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

"போன்ல யாரு? அவளா? உள்ள வா, உனக்கு இருக்கு."

இணைப்பு அறுந்தது. திரும்ப அடித்தேன், அணைத்து வைத்திருந்தாள். வருஷா வருஷம் என் வீட்டில் வந்து தங்கியவனை நான் கஞ்சன் என்று மட்டும்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.