ஜாமீன் நின்றவர்

சீட்டுக் கம்பெனி முதலாளி ஞானசிகாமணி கைதானதும், பணத்தைப் பறிகொடுத்தவர்களே அவனை வெளியே எடுக்க ஓடினார்கள். "ஆளு உள்ள கெடந்தா அவனுக்க துபாய் பிளாட்டை வித்து நம்ம பணத்த யாரு தருவா?" என்றார் தம்பானூர் டீக்கடை லிங்கம். தன் வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்து அவரே ஜாமீனும் நின்றார். பிளாட்டை விற்றுவரக் கோர்ட்டு அனுமதியோடு துபாய் போனவன், போனவன்தான்.

அந்தப் பிளாட்டை ஜப்தி செய்யச் சொல்லி இங்கிருந்து போன கடிதங்கள் வருஷக்கணக்கில் அங்கே தூங்கின.

ஒருநாள் கோர்ட்டு உத்தரவை நிறைவேற்றும் ஆமீன் லிங்கத்தின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"பிளாட்டு கிட்டியோ சாரே?" என்று லிங்கம் ஓடிவந்தார்.

"அது வேற நாடாக்கும் அண்ணாச்சி. நம்ம கை எட்டாது" என்ற ஆமீன், ஓடிப்போனவனுக்கு ஜாமீன் நின்ற குற்றத்துக்காக அந்த வீட்டையே ஜப்தி செய்யும் நோட்டீஸில் பசை தடவினார்.

கதவு ஆடியது. ஒட்டி முடியும்வரை லிங்கமே அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.