டாக்டர் தேசிகனின் சாட்சிக் கை

1

இந்தக் கதை என் முதுகில் பிறந்தது. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, எந்தக் கைக்கும் எட்டாத இடத்தில் அரித்தது. கதவு நிலையில் உரசிக்கொண்டே, அரிப்பை ஆராய்ந்தவர்களைப் பற்றி எழுதினால் என்ன என்று தோன்றியது. உன்னதமான காரணம் வேண்டுவோர் வேறு கதைக்குப் போகலாம்.

2

முதல் தொடக்கம்: 1938, மார்கழிக் குளிரில் பெங்களூர் தண்டு கண் விழித்தபோது—

(வேண்டாம். பெங்களூர் என்று எழுதினாலே குளிர் வந்து உட்கார்ந்துகொள்கிறது.)

இரண்டாவது: டாக்டர் தேசிகன் ஆராய்ச்சிக்குத் தன் கையையே கொடுத்தவர்.

இது தேறும். தண்டில், அதாவது பெங்களூர் கன்டோன்மென்டில், ஓர் ஆஸ்பத்திரியில் அவர் ஒவ்வாமை ஆராய்ச்சி சொல்லிக்கொடுத்தார். பயிற்சிக்கு வந்தவர்கள் கிளாரன்ஸும் யூனிஸும். நோயாளியின் கையை ஊசியால் கீறி, கம்பளி, கருவாடு, கத்திரிக்காய் என்று ஏதாவதொன்றின் சாற்றைத் தடவுவார்கள். அரிப்பில்லாத மனிதருக்கு மாதிரியாக, டாக்டரின் கையிலும் அப்படியே செய்வார்கள். அவர் கையைவிடப் பெரிதாகத் தடித்தால் நோயாளிக்கு ஒவ்வாமை. இல்லாவிட்டால் மனக்கோளாறு.

வருடக்கணக்கில் ஒருவருக்கும் ஒவ்வாமை இல்லை. பெங்களூர்க்காரர்களின் தோல் உலகிலேயே உசத்தி என்று டாக்டர் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்.

3

யூனிஸை முதலில் மேதையாக எழுதி அடித்துவிட்டேன். அவள் மறதிக்காரி. ஒரு நாள் சாறு தடவ மறந்து, டாக்டரின் கையை வெறுமனே கீறிவிட்டாள். அப்படியும் கொழுக்கட்டை மாதிரி தடித்தது. கீறினாலே வீங்குகிற தோல் அவருக்கு! அதைவிடப் பெரிதாக எந்த நோயாளியின் கை தடிக்கும்? வேலிக்கு ஓணான் சாட்சி சொன்ன கதைதான்.

கிளாரன்ஸிடம் சொன்னாள்.

"சும்மா இரு யூனிஸ். மெட்ராஸ் வேலைக்கு சார்தான் சர்டிபிகேட் குடுக்கணும். உனக்கும் வேணும், எனக்கும் வேணும்."

"அப்போ பியாட்ரிஸக்கா?"

பியாட்ரிஸ் பிரேசர் டவுனில் கம்பளிக் கோட்டு தைப்பவள். கழுத்தில் ரத்தம் வரச் சொரிந்தவள். மனக்கோளாறு என்று அவளுக்கும் தீர்ப்பாகிவிட்டது. பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக மறுநாள் காலை அவள் அண்ணன் வருகிறான்.

(கிளாரன்ஸை வில்லனாக்கப் பார்த்தேன். பையன் ஒத்துழைக்கவில்லை. பயந்தவன், அவ்வளவுதான். நானும் பயந்திருப்பேன்.)

4

முடிவு அ: யூனிஸ் வாயை மூடிக்கொண்டு மெட்ராஸ் ரயில் ஏறுகிறாள்.

(வசதியான முடிவு. எழுதியதும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.)

முடிவு ஆ: டாக்டர் கண்கலங்கி, "நீதாம்மா எனக்கு குரு" என்று—

(பொய். வருடக்கணக்கான வேலை போன நிமிஷத்தில் எந்தப் பெரிய மனிதரும் இப்படிப் பேசியதில்லை.)

5

ஆகவே எனக்குத் தெரிந்தவரை மட்டும். மறுநாள் காலை, பியாட்ரிஸைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, டாக்டரைச் சட்டைக் கையைச் சுருட்டச் சொன்னாள் யூனிஸ். சாற்றுக் குப்பிகளை ஒதுக்கிவைத்தாள்.

"இன்னிக்கு வெறும் ஊசிதான் சார்."

"வெறும் ஊசியா? எதுக்கும்மா?"

கீறினாள். கிளாரன்ஸ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் டாக்டரின் கை தடித்தது. "சாறே இல்லாம தடிக்குது சார்" என்றாள் யூனிஸ். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அப்போ எனக்குப் பைத்தியம் இல்லியா, டாக்டர்?" என்றாள் பியாட்ரிஸ்.

வாசலில் அண்ணனின் ஜட்கா வண்டி வந்து நின்றது. டாக்டர் வாயைத் திறந்தார்.

அவர் சொன்னதை நீங்கள் எழுதுங்கள். பேனாவைக் கடித்துக்கொண்டு உட்காராதீர்கள். பியாட்ரிஸுக்குக் கழுத்து பற்றி எரிகிறது. சொரிந்தால் மறுபடி பைத்தியம் என்றுவிடுவார்களோ என்று, இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.