நல்லமுத்துவின் குளிர்ப்பெட்டி

விஜிதரன் குளிர்ப்பெட்டியில் குளிரைக் கூட்டும் திருகியை அதற்குமேல் நகராத இடம்வரை திருப்பினான். அப்பா சிவப்புப் பெயிண்டால் வைத்திருந்த புள்ளியைத் தாண்டி அது வெகுதூரம் போய் நின்றது. மோட்டார் ஒருமுறை அதிர்ந்துவிட்டு வேகமாக ஓடத் தொடங்கியது.

தண்ணீர் நிரப்பி முடிச்சுப் போட்ட பொலித்தீன் பைகளை உள்ளே அடுக்கினான். அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. அது என்னவென்று அவனுக்குத் தெரியும். அதன்மேலேயே பைகளை வைத்து மூடினான்.

"தம்பி, அதுல நாகலெட்சுமி மக மருந்து இருக்கு" என்றாள் அம்மா ராசம்மா. அவள் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த குரல்.

"இருக்கட்டும்மா. குளிர்லதானே இருக்கு."

"அப்பா அந்தத் திருகிய யாரையும் தொட விடமாட்டாரு."

அப்பா லயத்து வரிசை வீட்டின் முன் காம்பராவில் வாங்குப் பலகையின்மேல் கிடத்தப்பட்டிருந்தார். காலையில் கூரையில் ஏறி சோலர் தகட்டைத் துடைத்துவிட்டு இறங்கி வந்தவர், படியில் உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டார். ராசம்மா கொண்டுவந்து நீட்டியபோது வாங்கிக்கொள்ள அவர் உயிரோடு இல்லை.

புயல் அடித்து ஒன்பது நாளாகியிருந்தது. பூண்டுலோயாவுக்குப் போகும் தோட்டத்துப் பாதையில் இரண்டு இடத்தில் மலை சரிந்து கிடந்தது. கரண்ட் இல்லை. மண்சரிவை நடந்து கடந்து அந்தப் பக்கம் போனால்தான் பஸ். தங்கை பிரேமினி கொழும்பிலிருந்து புறப்பட்டுவிட்டாள். "அப்பா மொகத்தப் பாக்காம எடுத்துறாதீங்கண்ணே" என்று போனில் சொல்லியிருந்தாள். நாளை மத்தியானத்துக்குள் வந்துவிடுவாள்.

"இந்தக் குளிருக்கு ஐஸ் எதுக்கு தம்பி? ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது" என்று பக்கத்துக் காம்பரா செல்லசாமி சொல்லிப் பார்த்தார். அப்பாவோடு ஃபெக்டரியில் முப்பது வருஷம் வேலை செய்தவர். அவர் சொன்னது சரிதான் என்று விஜிதரனுக்கும் தெரியும். ஆனால் அவன் படிப்பிக்கும் ஹட்டன் பள்ளிக்கூடத்திலிருந்து அதிபரும் நாலு ஆசிரியர்களும் வருவதாகச் செய்தி அனுப்பியிருந்தார்கள். போன வருஷம் ஒரு ஆசிரியரின் தகப்பனை சவச்சடங்கு செய்யும் மலர்ச்சாலைக்காரர்கள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்ததை அவன் பார்த்திருந்தான். அப்பாவை வெறும் வாங்கில் போட்டு வைத்திருந்தார்கள் என்று யாரும் ஸ்டாஃப் ரூமில் பேசக் கூடாது. ஐஸாவது இருக்கட்டும்.

அந்தப் பெட்டியே அவனுக்கு ஒரு காலம் வெட்கமாக இருந்தது. எண்ணெயும் கரண்டும் இல்லாமல் நாடே திண்டாடிய வருஷத்தில், ஹட்டனில் ஒரு பழைய சாமான் கடையில் அப்பா அதை வாங்கி வந்தார். சுற்றுலா வேன் ஒன்றிலிருந்து கழற்றியது. லொறி பேட்டரியில் ஓடும். ஒரு சோலர் தகட்டையும் தேடிப் பிடித்துக் கூரையில் கட்டினார். லயமே சிரித்தது. பேட்டரி நல்லமுத்து என்று பேர் வைத்தார்கள். ஒருமுறை அவனோடு வேலை செய்யும் ஆசிரியர் வீட்டுக்கு வந்தபோது விஜிதரன் பெட்டியின்மேல் பெட்ஷீட்டைப் போட்டு மூடினான். அப்பா அதைப் பார்த்தார்.

புயலுக்குப் பிறகு சிரித்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். ஒருவருக்குப் பிள்ளையின் பால், ஒருவருக்குக் கண் மருந்து. போனுக்குச் சார்ஜ் கேட்டு வந்தவர்களை மட்டும் அப்பா திருப்பி அனுப்பினார். "வெயிலே இல்ல. இருக்கிற பவரு கெட்டுப்போற சாமானுக்குத்தான்" என்றார். அதே லயத்து நாகலெட்சுமியின் மகள் லக்சனாவுக்குப் பதினோரு வயது. ஆறு வயதிலிருந்து சீனி வருத்தம். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட வேண்டும். அவளுடைய பிரிக்காத மருந்துப் போத்தல்கள் இரண்டும் புயலுக்கு முன்பிருந்தே அப்பாவின் பெட்டியில்தான் இருந்தன.

மறுநாள் காலை, வெளிச்சம் வந்ததும், விஜிதரன் பெட்டியைத் திறந்தான். பைகள் கல்லாக உறைந்திருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து அப்பாவின் இரு பக்கமும் வைத்து வெள்ளைத் துணியால் மூடினான். கடைசிப் பையை எடுத்தபோது அடியிலிருந்த டப்பாவின் மூடியில் பனி பூத்திருந்தது.

திறந்தான். இரண்டு போத்தல்களிலும் மருந்து வெள்ளையாக இறுகியிருந்தது. பக்கத்தில் தைலப் போத்தல் ஒன்று தண்ணீர் நிரப்பி வைக்கப்பட்டிருந்தது. அது வெடித்து இரண்டாகப் பிளந்து கிடந்தது. அப்பா எதற்காக அதை அங்கே வைத்திருந்தார் என்று அவனுக்கு உடனே விளங்கியது. அந்தத் தண்ணீர் உறையாமல் இருக்கிறதா என்று தினமும் பார்த்திருக்கிறார்.

புயலுக்கு முன்பு அப்பா ஹட்டனுக்குப் போன் எடுத்திருந்தார். "தம்பி, சின்னத் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிட்டு வா. அந்த மருந்து ஐஸ் ஆச்சுன்னா செத்துரும்னு கிளினிக்ல சொன்னாங்களாம். திரும்ப உருகினாலும் வேலை செய்யாதாம். எனக்கு அதுதான் பயமா இருக்கு." விஜிதரன் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தான். ம் என்றான். முந்தாநாள் மண்சரிவைக் கடந்து வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலிலேயே கேட்டார். கடை மூடியிருந்தது என்று சொன்னான். கடை திறந்துதான் இருந்தது.

போத்தல்களை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். எதற்கென்று அவன் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. பந்தல் கட்டுகிறவர்களுக்குக் கயிறு எடுத்துக் கொடுத்தான். தப்படிக்க வந்தவர்களுக்கு இடம் காட்டினான். எட்டு மணிக்கு மறைவாக எடுத்துப் பார்த்தபோது மருந்து உருகி, தண்ணீர்போலத் தெளிந்திருந்தது. பார்த்தால் எதுவும் தெரியவில்லை.

நாகலெட்சுமி வீட்டின் பக்கவாட்டில் வந்து நின்றாள்.

"தம்பி, இந்த நேரத்துல வந்து கேக்கக் கூடாதுதான். வீட்டுல இருந்த போத்தல் நேத்தோட முடிஞ்சிருச்சு. ஊசி போடாம புள்ள சாப்பிடாம உக்காந்திருக்கு."

அவன் வாயைத் திறந்தான். அப்போது கீழே படிக்கட்டில் அதிபர் சிவராசா ஏறி வருவது தெரிந்தது. சேறு படாமல் காற்சட்டையைச் சுருட்டிவிட்டிருந்தார். பின்னால் மலர்வளையத்தோடு நாலு பேர். விஜிதரன் சட்டைப்பையில் கையை விட்டுப் போத்தல்களை எடுத்து நாகலெட்சுமியின் கையில் வைத்தான்.

"சூடா இருக்கே தம்பி."

"பைக்குள்ள வச்சிருந்தேன்."

"உங்கப்பாவும் இப்படித்தான். கைக்குள்ள வச்சு உருட்டித்தான் குடுப்பாரு. சில்லுன்னு போட்டா புள்ளைக்கு வலிக்கும்பாரு." அவளுக்குக் கண் கலங்கியது. முந்தானையில் போத்தல்களை முடிந்துகொண்டு வேகமாகப் போனாள்.

அதிபர் அப்பாவின் காலடியில் சற்று நேரம் நின்றார். பிறகு வெள்ளைத் துணியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்து, தன் யாழ்ப்பாணப் பேச்சில் சொன்னார். "இந்த நிலைமையிலயும் ஐஸெல்லாம் வச்சு நல்ல ஒழுங்காச் செய்திருக்கிறீர் விஜிதரன். வேறை ஆரும் எண்டால் இப்பிடிச் செய்திருக்க மாட்டினம்."

விஜிதரன் தலை குனிந்தபடி நின்றான். அவர் துக்கமென்று நினைத்து அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

பிரேமினி ஒரு மணிக்கு வந்து சேர்ந்தாள். முழங்கால்வரை சேறு. அப்பாவின் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஐஸ் மாதிரி இருக்காரேண்ணே" என்றாள். பிறகு சடங்குகள் ஒவ்வொன்றாக நடந்தன. வாய்க்கரிசி போட்டார்கள். செல்லசாமி பாடையின் முன்பக்கம் ஒரு மூங்கிலைப் பிடிக்க, மற்றதை விஜிதரன் தோளில் வைத்துக்கொண்டான். தப்பு முழங்கியது.

பத்தடி போயிருப்பார்கள். பீலிக்கரையில் லக்சனா நின்றிருந்தாள். குழாயில் கையைக் குவித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி குனிந்து குடித்தாள். "எத்தன வாட்டிடி குடிப்ப" என்று நாகலெட்சுமி கேட்பது தப்புச் சத்தத்துக்கு நடுவே அவனுக்குக் கேட்டது. பிள்ளையின் உதடுகள் காய்ந்து வெடித்திருந்தன.

"எறக்குங்க" என்றான்.

யாருக்கும் புரியவில்லை.

"கொஞ்சம் எறக்குங்க."

பாடையை வழியில் இறக்கினார்கள். தப்பு நின்றது. விஜிதரன் பீலிக்கரைக்குப் போனான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிபரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்த மருந்து வேலை செய்யாது. ஐஸ் வைக்கிறதுக்காக நான் திருகியக் கூட்டிட்டேன். அது ஒறைஞ்சு போச்சு."

நாகலெட்சுமி அவனையே பார்த்தாள். "நான் எட்டரைக்கே போட்டுட்டேனே. சோறும் குடுத்துட்டேன்." பிறகு மெதுவாகக் கேட்டாள்: "நீங்க குடுக்கறப்பவே தெரியுமா தம்பி?"

"தெரியும்."

நாகலெட்சுமி பிள்ளையின் கையைப் பிடித்தாள். லக்சனா சுருண்டு அவள் இடுப்பில் சாய்ந்தாள்.

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்றான் விஜிதரன். "இப்பவே ஆஸ்பத்திரிக்கு..."

செல்லசாமி பாடைப் பக்கமிருந்து வந்து, தோளில் கிடந்த துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். லக்சனாவைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டார். அறுபத்தேழு வயது மனிதர்.

"நீங்க எங்கயும் வர வேணாம். உங்க அப்பாவ எடுங்க. இதையாவது ஒழுங்கா செய்யுங்க" என்றார்.

மூன்று பேரும் மண்சரிவு இருந்த பக்கம் இறங்கினார்கள். லக்சனா செல்லசாமியின் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பாடையைப் பார்த்துக்கொண்டே போனாள். செல்லசாமி பிடித்திருந்த மூங்கிலை அதிபர் வந்து பிடித்துக்கொண்டார். மயானம் போகும்வரை அவர் விஜிதரனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. குழிக்குள் அப்பாவை இறக்கியபோது ஐஸ் உருகிய தண்ணீர் துணியிலிருந்து சொட்டியது. முதல் பிடி மண்ணை அவன்தான் போட்டான்.

பொழுது சாயும் நேரத்தில் செல்லசாமி போன் எடுத்தார். விஜிதரனுக்கு அல்ல, ராசம்மாவுக்கு. பிள்ளைக்குச் சீனி ரொம்பக் கூடியிருந்ததாம். சேலைன் ஏற்றி, ஊசி போட்டு, தங்க வைத்துவிட்டார்களாம். இன்னும் இரண்டு மணி நேரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று டாக்டர் ஏசினாராம். ராசம்மா கேட்டு முடித்து, போனை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து போய்ப் பெட்டியின் திருகியைச் சிவப்புப் புள்ளிக்குத் திருப்பினாள். மகனைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, குழியில் பால் ஊற்றிவிட்டு வந்தபோது நாகலெட்சுமி வாசலில் நின்றிருந்தாள். பக்கத்தில் லக்சனா. முகம் தெளிந்திருந்தது. கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. நாகலெட்சுமி உள்ளே வந்து, அப்பாவுக்கு ஏற்றி வைத்திருந்த விளக்கைக் கும்பிட்டாள். ராசம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். எடுக்கும்போது இருக்க முடியாமல் போய்விட்டதே என்று அழுதாள்.

அவள் கையிலிருந்த சொப்பிங் பையில் புதுப் போத்தல்கள் இருப்பதை விஜிதரன் பார்த்தான்.

"அக்கா, பெட்டி இப்ப சரியா இருக்கு. தெர்மாமீட்டரும் வாங்கச் சொல்லி அனுப்பியிருக்கேன். நானே பக்கத்துல இருந்து பாத்துக்கிறேன். மருந்த வச்சிட்டுப் போங்க."

"வேணாங்க தம்பி" என்றாள் நாகலெட்சுமி. குரலில் கோபம் இல்லை. பள்ளிக்கூடத்து மாஸ்டரிடம் பேசும் மரியாதை அப்படியே இருந்தது. "மண் சட்டியில ஈரத்துணி போட்டு வச்சிக்கிறேன். குளிர் காலந்தானே, அது போதும்னு நர்ஸம்மா சொன்னாங்க."

"இல்லக்கா, மத்தியானத்துல கூரைத் தகரம் சுடும்."

"நான் பாத்துக்கிறேங்க."

அவள் படியிறங்கினாள். லக்சனா வாசலில் நின்று செருப்பின் வாரை மாட்ட முயன்றுகொண்டிருந்தாள். பஞ்சு ஒட்டிய கையை மடக்க அவளுக்குச் சிரமமாக இருந்தது. விஜிதரன் அவள்முன் குந்தி உட்கார்ந்து வாரைப் பிடித்தான்.

அவள் காலை மெல்ல இழுத்துக்கொண்டாள். ஒரு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு கால் வெறுமையாக, ஈரப் படிகளில் அம்மாவின் பின்னால் இறங்கிப் போனாள்.