பேரிக்காய் வாசனை

சனிக்கிழமை சாயங்காலம் கவடியாரில் ஸ்ரீநிவாஸின் ஃபிளாட்டில் விஸ்கி ருசி பார்க்கக் கூடுகிற நாலு பேரில் மூக்கு உள்ளது தனக்கு மட்டும்தான் என்பது சாம்பசிவனின் தீர்மானம். மற்ற மூவரின் முகத்தில் இருப்பது கண்ணாடி மாட்டிக்கொள்கிற ஆணி.

ஸ்ரீநிவாஸ் அவரோடு பாங்கில் குப்பை கொட்டியவர்; எதைக் கொடுத்தாலும் "நன்னாருக்கு" என்பார். டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் மஹேஷ் ஒருமுறை "இனிப்பா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு இரண்டு மாதம் வாங்கிக் கட்டிக்கொண்டான். சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கும் லிங்கராஜோ வந்த முதல் நாளே, எதுவும் கலக்காமல் குடிக்கிற சிங்கிள் மால்ட் விஸ்கிக்கு சோடா கேட்டவர். அன்றிலிருந்து சாம்பசிவன் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'சோடா' என்றுதான் கூப்பிடுவார். லிங்கராஜும் சிரித்துக்கொள்வார்.

இத்தனை ஏளனத்துக்கும் சொந்தக்காரரான சாம்பசிவனுக்கு, உள்ளதைச் சொன்னால், எந்த வாசனையும் தெரியாது. கோவிட் காய்ச்சல் போகும்போது அதையும் கையோடு கொண்டுபோய்விட்டது. திரும்பி வரும் என்றார் டாக்டர், வரவில்லை. மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. ரிட்டையரான பிறகு அவர் பேச, மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டு கேட்கிற இடம் அது ஒன்றுதான். விஷயம் தெரிந்தால் அந்த நாற்காலியும் போய்விடும். அதனால் சனிக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு, அன்றைய விஸ்கியைப் பற்றி இன்டர்நெட்டில் இருப்பதை நெட்டுருப் போடுவார்.

இந்த வாரம் பாட்டில் அவருடையது. மாப்பிள்ளை லண்டனிலிருந்து கொண்டுவந்தது. வைக்கோல் நிறத்தில், லேசான, பழ வாசனை தூக்கலான சரக்கு. கொஞ்சம் காற்றுப் படட்டும் என்று செவ்வாய்க்கிழமையே திறந்தார். கார்க் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அடுக்களையில் துழாவி, சுப்புலக்ஷ்மி பெருங்காயத்தைக் கரைத்து வைக்கும் குப்பியின் தக்கையை எடுத்தார். சோப்புப் போட்டுக் கழுவினார், முகர்ந்தும் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. பரம திருப்தியோடு அதை வைத்து அடைத்து, வருகிறவர் போகிறவர் கண்ணில் படாமல் அலமாரியில் வேட்டிகளுக்கு அடியில் பாட்டிலைப் படுக்கப் போட்டார்.

சனிக்கிழமை எல்லோருக்கும் அவரே ஊற்றினார். மஹேஷ் கிளாஸை மூக்கருகே கொண்டுபோன வேகத்தில் தள்ளிப் பிடித்தான். ஸ்ரீநிவாஸ் இருமினார். லிங்கராஜ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவசரப்படாதீங்கோ," என்று சாம்பசிவன் கண்ணை மூடிக்கொண்டார். "முதல்ல பச்சை ஆப்பிள். பின்னாலயே பேரிக்காய் வரும். ஓரத்துல லேசா எலுமிச்சந்தோல். தெரியறதா?"

ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்; மூவரும் கிளாஸை முறைத்துக்கொண்டிருந்தார்கள். வேறு ஏதாவது விஸ்கிக்கு எழுதினதைப் படித்துத் தொலைத்துவிட்டோமோ?

"பேரிக்காய்தான் சாரே," என்றார் லிங்கராஜ். "நல்லா பழுத்தது, கேட்டோ." ஒரே மடக்கில் குடித்து கிளாஸை வைத்தார்.

"ஆமா சார், பேரிக்காய்," என்றான் மஹேஷ். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

"நன்னாருக்கு," என்றார் ஸ்ரீநிவாஸ்.

ஒத்து ஊதுகிற ஜன்மங்கள் என்று சாம்பசிவன் நினைத்துக்கொண்டார். தொண்டையில் எரிச்சலைத் தவிர வேறொன்றும் தெரியாமலே அரைமணி நேரம் பழத்தோட்டத்தைப் பற்றிப் பேசினார். "மடக்குன்னு குடிக்க இது மோரா, சோடா? உமக்கு இரும்பைத் தவிர என்ன வாசனை தெரியும்?" என்று லிங்கராஜுக்கு ஒரு குட்டும் வைத்தார். லிங்கராஜ் சிரித்துக்கொண்டே கிளாஸை நீட்டி இன்னொரு தடவை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக் கதவைத் திறந்த சுப்புலக்ஷ்மி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"என்ன நாத்தம் இது? பெருங்காய டப்பாக்குள்ள விழுந்து எழுந்தாப்பல." அவர் கையிலிருந்த மிச்ச பாட்டிலைப் பார்த்தாள். "என் குப்பியோட தக்கையல்லே இது? வீடு பூரா தேடிண்டிருக்கேன். இதை வச்சா அடைச்சேள்? உங்களுக்குத் தெரியலையா?"

சாம்பசிவன் தக்கையைப் பிடுங்கி முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். பிறகு ஸ்ரீநிவாஸைப் போனில் கூப்பிட்டார்.

"பெருங்காயம் அடிச்சுதா?"

"அடிச்சுது. நன்னாவே அடிச்சுது."

"பின்னே ஏண்டா எல்லாருமா பேரிக்காய்னு சொன்னேள்?"

"உனக்கு வாசனை தெரியாதுன்னு போன வருஷமே தெரியும், சாம்பு. அன்னிக்கு என் அடுக்களையில பால் தீஞ்சு வீடெல்லாம் நாறித்து. நாங்க மூணு பேரும் எழுந்து ஓடினோம். நீ மட்டும் கண்ணை மூடிண்டு வெனிலா வெனிலான்னு சொல்லிண்டிருந்தே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்றதுக்குத்தான் கிளம்பினேன். லிங்கராஜ் விடலை. பாவம், அவருக்கு இருக்கறது இது ஒண்ணுதான், அதையும் பிடுங்க வேண்டாம்னார்."

சாம்பசிவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. முகத்துக்கு நேரே திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. சோடா கேட்ட ஆள் தன்னைப் பாவம் என்றிருக்கிறான். ஒரு வருஷமாகத் தன் எதிரே உட்கார்ந்து, திட்டையும் வாங்கிக்கொண்டு, பாவம் என்று நினைத்துக்கொண்டே குடித்திருக்கிறான்.

"அடுத்த சனிக்கிழமை உண்டோ?" என்று கேட்டார்.

"உண்டு, வா," என்றார் ஸ்ரீநிவாஸ். "பாட்டில் மட்டும் நாங்க கொண்டுவரோம்."