வெள்ளிக்கிழமைத் தோட்டம்

அஸ்மத் பீவி இங்கிலாந்துக்குப் போனதே இல்லை. ஆனாலும் அங்கே சந்தை கூடும் ஓர் ஊரின் ஓரத்தில் இருந்த பழைய மாளிகைத் தோட்டத்தில், எந்த வாசல் வழியாக நுழைந்தால் குளத்தங்கரைக்குப் போகலாம் என்பது அவளுக்குத் தெரியும்.

அவளுடைய ஒரே மகள் ஹிஃப்ஸா அந்த ஊர் மருத்துவமனையில் நர்ஸ். வெள்ளிக்கிழமை விடுமுறையைக் கேட்டு வாங்கியிருந்தாள். குவைத்தில், அஸ்மத் குடியிருந்த அப்பாசியா பகுதியில், ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த அவள் கணவர் நிஜாம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில் மகளின் வீடியோ அழைப்பு வரும். அஸ்மத் போனை ஜன்னலோரம் எடுத்துப் போவாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் ஏசிப் பெட்டிகள். போனுக்குள் பச்சை.

கம்பளி வியாபாரத்தில் பணம் பண்ணிய ஒருவர் எப்போதோ கட்டிய மாளிகை அது. இப்போது டிக்கெட் வாங்கி யாரும் உள்ளே போகலாம். செங்கல் மதிலோடு ஒட்டி, கைகளை விரித்து நிற்பதுபோல் கட்டி வளர்த்த பேரிக்காய் மரங்கள். திராட்சைக் கொடிக்கென்றே ஒரு கண்ணாடி வீடு. மூக்கு உடைந்த பெண் சிலை.

"அந்தப் பெஞ்சைக் காட்டு புள்ள," என்பாள் அஸ்மத். குளத்தைப் பார்த்தபடி மரத்தடியில் ஒரு பெஞ்சு. அதில் மகளோடு தோள் உரச உட்கார வேண்டும். அவள் கேட்டதெல்லாம் அவ்வளவுதான். ஒருமுறை விசாவுக்கு எழுதிப் போட்டார்கள்; மறுத்துவிட்டார்கள். ஆனாலும் குவைத்தின் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு குளிர்கோட்டு வாங்கி அலமாரியில் தொங்கவிட்டாள். நிஜாம் சிரித்தார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை போனில் தோட்டம் வரவில்லை. சாத்திய இரும்புக் கதவும் ஹிஃப்ஸாவின் சிவந்த மூக்கும்தான் தெரிந்தன.

"குளிர்காலம் முழுக்க மூடிட்டாங்க உம்மா."

"அதனால என்ன? ரூமுக்குப் போ. பனியில நிக்காத."

ஹிஃப்ஸா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாள் என்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது.

"என்னம்மா? யாரும் ஏதும் சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. லீவு நாள்ல ரூம்ல தனியா உட்கார முடியல உம்மா. அதான் இங்க வருவேன். நீங்க ஆசையாப் பாக்குறீங்கன்னு காட்டுவேன். எனக்கு இந்தத் தோட்டம் பிடிக்குமான்னுகூடத் தெரியல."

 அத்தனை வெள்ளிக்கிழமைகளும் தன் கண் பூவைப் பார்த்ததே தவிர, பூவைக் காட்டியவளைப் பார்க்கவில்லையே என்று அஸ்மத்துக்கு உறைத்தது.

"உனக்கு என்ன பாக்கணும், சொல்லு."

"நம்ம ரோடு," என்றாள் ஹிஃப்ஸா. குவைத்திலேயே பிறந்து வளர்ந்த பெண். இங்கிலாந்து போய் ஆறு மாதம் தாண்டியதும் அவளுடைய குவைத் இகாமா, அங்கே தங்கும் அனுமதி, செத்துப்போயிற்று.

அஸ்மத் தனியாகத் தெருவில் இறங்குகிறவள் அல்ல. அன்று அபாயாவை மாட்டிக்கொண்டு, தூங்கும் கணவரை எழுப்பாமல், போனை முகத்துக்கு முன்னால் பிடித்தபடி படியிறங்கினாள்.

"லிஃப்ட் இன்னும் ரிப்பேரா?"

"இன்னும்தான்."

ஹிஃப்ஸா சிரித்தாள். லாண்டரிக்காரர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மலையாளியின் பகாலா மளிகைக் கடையில் வாழைக்குலை தொங்கிற்று. அவள் படித்த பள்ளிக்கூடத்தின் கதவு. வாசலில் தூசி படிந்து நின்ற மஞ்சள் பஸ்கள். "நில்லுங்க உம்மா, நில்லுங்க. அந்த மூலையைக் காட்டுங்க," என்று ஒவ்வோர் இடத்திலும் உம்மாவை நிறுத்தினாள்.

ரொட்டிக் கடையில் ஈரானியக் கிழவர் அடுப்பிலிருந்து குபூஸை வெளியே இழுத்தார். போனுக்குள் எட்டிப் பார்த்து, "ஹிஃப்ஸா? யால்லா, தஆலி!" என்று அரபியில் வரச் சொல்லி ஒரு ரொட்டியை நீட்டினார்.

"ஆவி வருதா உம்மா?"

"வருது."

"பிச்சுச் சாப்பிடுங்க. நான் பாக்குறேன்."

நடுத்தெருவில் நின்று அஸ்மத் ரொட்டியைப் பிய்த்துத் தின்றாள்.  மகள் பார்த்துக்கொண்டிருந்ததால் கடைசித் துண்டுவரை தின்று முடித்தாள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் வெள்ளிக்கிழமைகள் அப்படியே போயின. அஸ்மத் நடந்தாள், ஹிஃப்ஸா பார்த்தாள். பிப்ரவரியில் நிஜாமின் கம்பெனி வயதைக் காட்டி அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டது. வீட்டைக் காலி செய்வதற்குள் விசிட் விசாவிலாவது ஒருமுறை வந்துவிட ஹிஃப்ஸா துடித்தாள்; லீவு கிடைக்கவில்லை. கடைசி நாள் அஸ்மத் காலி அறைகளைப் போனில் காட்டத் தொடங்கினாள். "வேண்டாம் உம்மா," என்று ஹிஃப்ஸாவே அழைப்பைத் துண்டித்தாள்.

சொந்த ஊரான காயல்பட்டினம் திரும்பிய பிறகு மறுபடி இங்கிலாந்து விசாவுக்குப் போட்டார்கள். இந்த முறை கிடைத்தது. மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அஸ்மத் அந்தத் தோட்டத்துக்குள் நுழைந்தாள். போனில் பார்த்ததைவிடச் சிறியது. ஆனால் போன் காட்டாத ஈர மண் வாசனை இருந்தது, பறவைச் சத்தம் இருந்தது. பெஞ்சில் மகளோடு தோள் உரச உட்கார்ந்தாள். மகள் மெலிந்திருந்தாள். தோள் எலும்பு குத்தியது.

"நல்லா இருக்கா உம்மா?"

"நல்லா இருக்கு."

கொஞ்ச நேரம் குளத்தைப் பார்த்தார்கள். பிறகு ஹிஃப்ஸா, "அந்த ஈரானிக்காரர் எப்படி இருக்காரோ," என்றாள். அதற்குப் பிறகு இருவரும் அப்பாசியாவைத் தவிர வேறு எதையும் பேசவில்லை.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் முதிய வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் கையுறையோடு வந்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் அன்பாகக் கேட்டார். அந்தக் கேள்வி அஸ்மத்துக்குப் புரிந்தது. குவைத்தில் இருந்தவரை யார் கேட்டாலும் காயல்பட்டினம் என்றே சொல்லிவந்தவள், "குவைத்" என்றாள்.

பெண்மணி இன்னும் ஏதோ கேட்டார்.

"குவைத்துக்கு எப்பத் திரும்பிப் போறீங்கன்னு கேக்குறாங்க உம்மா."

"அங்க வீட்டைக் காலி பண்ணியாச்சுன்னு சொல்லு," என்று அஸ்மத் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.