நாக்கு மட்டும் போதாது

பால் நிலையத்துச் சோதனைக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. கேனைத் திறந்ததும் பாலைப் பார்க்கமாட்டார்; மூடியைக் கவிழ்த்து அதன் உட்புறத்தை முகர்வார். மூடிக்குள் அடைபட்ட மணம் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. அவர் தலையசைத்தால்தான் பால் லாரித் தொட்டிக்குள் இறங்கும்.

ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மோப்பத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டது. சோறு காகிதமாய் இருந்தது. அதற்காக வருந்தவும் அவருக்குத் தோன்றவில்லை. வேலை போய்விடுமே என்று யாரிடமும் மூச்சுவிடாமல், முகர்வதாய்ப் பாவனை செய்து, நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார்.

நாக்கு அரசனைப் போன்றது. சுவையின் புகழெல்லாம் அதற்கே. தெரிந்ததோ இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில. மற்றதெல்லாம் தொண்டையின் பின்வழியே மேலேறி மூக்கு அறிந்து சொல்லும் சேதி. அமைச்சர் படுத்துவிட்டால் அரசனுக்கு நாட்டுநடப்பு ஏது?

ஒரு கேனில் மண்ணெண்ணெய் நெடி கலந்திருந்தது. நாக்கு இனிப்பு என்றது, அவரும் தலையசைத்தார். இறக்குமிடத்தில் நெடி தெரிந்து, லாரிப் பால் முழுவதும் சாக்கடைக்குப் போனது. சோதனைக்காரரின் மூக்கை யார் சந்தேகிப்பார்? தொட்டியைக் கழுவவில்லை என்று ஓட்டுநரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார் மேலாளர். ஓட்டுநர் வேறு யாருமல்லர், சோதனைக்காரரின் தங்கை கணவர்.

மறுநாள் ஓட்டுநரே சோதனைக்காரரின் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"நான் கழுவினேன் மச்சான். ஆனா நீங்க பார்த்து விட்ட பால் கெட்டிருக்காதே! ஒருவேளை நான்தான் கழுவலையோன்னு எனக்கே சந்தேகமாயிடுச்சு."

சோதனைக்காரர் எழுந்து வாசலுக்குப் போனார். செருப்பை மாட்டினார்.

"எழுந்திரு மாப்ளே. நிலையத்துக்குப் போகலாம்."

கேன் தூக்குபவர்கள் எல்லோரும் நிற்க, மேலாளரிடம் சொன்னார்: "சார், இவன்மேல தப்பில்ல. காய்ச்சலுக்கப்புறம் எனக்கு மூக்கு செத்துப்போச்சு. மறைச்சுட்டேன்."

"விளையாடாதீங்க" என்ற மேலாளர், மண்ணெண்ணெயில் நனைத்த துணியை நீட்டினார். சுற்றி நின்றவர்கள் முகம் சுளித்தார்கள். சோதனைக்காரர் ஆழ முகர்ந்தார்.

"தண்ணி மாதிரிதான் சார் இருக்கு."

"அட பாவி மச்சான்! அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருக்கணும்."

சோதனைக்காரர், மேலாளரின் மேசையிலிருந்த லாரிச் சாவியை எடுத்து, அவர் தடுப்பாரா என்று ஒரு கணம் பார்த்தார். மேலாளர் தடுக்கவில்லை. தங்கை கணவரின் கையை விரித்து அதில் சாவியை வைத்தார்.