பசியாறாமல் போகிறவன்

விடியச் சுபஹுத் தொழுதுவிட்டு வந்த கையோடு மசூர் சைக்கிளை வெளியே எடுத்துவிடுவான். அந்நேரம் குசினிக்குள் ரொட்டி வெந்துகொண்டிருக்கும். றுகையா சம்பல் இடிக்கிற சத்தம் வாசல்வரை கேட்கும்.

"பசியாறிட்டுப் போங்களன்."

"பசியில்ல புள்ள."

சொல்லி முடிக்குமுன் பெடலை மிதித்திருப்பான். மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரைக்கும் வெறும் வயிற்றோடுதான் ஓட்டம். அங்கே, கடல் கொண்டுபோன வீடுகளுக்குப் பதிலாகக் கட்டுகிற வீடுகளில் அவனுக்கு மேசன் வேலை.

பசியில்லை என்பது சுத்தப் பொய். கல்முனைச் சந்திக்கு வரும்போதே குடல் முறுக்கத் தொடங்கிவிடும். ஆனாலும் அவன் வீட்டில் வாய் வைக்க மாட்டான். காரணம் றாஸிக்.

றாஸிக் றுகையாவின் முதல் புருசன். தோணிக்காரன். சுனாமியன்று காலையில் கரையில் வலை உதறிக்கொண்டு நின்றவன், பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அடக்கம் பண்ண ஜனாஸாவும் கிடைக்கவில்லை. இரண்டு வருசத்துக்குப் பிறகு பெரியவர்கள் பேசி அவளை மசூருக்கு முடித்துக் கொடுத்தார்கள். தங்கச்சிமாரைக் கரைசேர்த்துவிட்டு நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தவனுக்கு, இப்படி ஒரு பெண் கிடைப்பாள் என்ற எண்ணமே இருந்ததில்லை. நிலம் காலில் படாமல் நடந்தான்.

அந்தச் சந்தோசம் ஒரு கிழமைகூட நிற்கவில்லை. ஒருநாள் காலை அவன் முன்னால் ரொட்டியை வைத்துவிட்டு றுகையா சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"சம்பலுக்கு மாசிக் கருவாடு கூடப் போட்டிருக்கன். அவருக்கு மாசி இல்லாட்டி ரொட்டி இறங்காது. பசியாறாம வாசல் தாண்டவும் மாட்டார்."

யோசித்துச் சொன்ன கதை இல்லை அது. பழக்கத்தில் வாயில் வந்தது. ஆனால் மசூர் பிய்த்த ரொட்டியைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டான். அடுத்த நாளிலிருந்துதான் அவனுக்குக் காலையில் பசியில்லாமல் போனது.

உயிரோடு இருக்கிறவன் என்றால் சண்டை பிடிக்கலாம். மையவாடியில் கிடக்கிறவன் என்றால், மண்ணைப் பார்த்தாவது மனம் ஆறும். றாஸிக்குக்கு அந்த மண்ணும் இல்லை. அவள் கடல் பக்கம் திரும்பினால் மசூருக்கு நெஞ்சு காந்தும். பெருநாளைக்கு அவள் எடுத்துவந்த சேட்டு தோளில் தொளதொளவென்று தொங்கியது. யாருடைய தோளை மனதில் வைத்து எடுத்தாள் என்று இரவெல்லாம் புரண்டான். கேட்கவும் வெட்கம். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

யுத்தம் முடிந்த வருசம், வெயில் கொளுத்திய ஒரு காலை, பாண்டிருப்பில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சைக்கிளோடு ரோட்டோரம் சரிந்தான். பக்கத்தில் அப்பக்கடை வைத்திருந்த செல்லத்தங்கம் ஓடிவந்து முகத்தில் தண்ணீர் அடித்தாள்.

"என்ன நானா, ஒண்டும் திங்காமலா சைக்கிள் ஓடி வாறீங்க? வந்து இந்த வாங்குப் பலகையில இருங்க."

சுடச்சுட அப்பமும் தேத்தண்ணியும் வந்தன. எத்தனை தின்றான் என்று அவனுக்கே தெரியாது. இந்த அப்பத்தை அவனுக்கு முன்னால் யார் விரும்பித் தின்றார் என்று அவள் சொல்லவில்லை. அதுவே பெரிய ருசியாக இருந்தது. மறுநாளும் சைக்கிள் அங்கே நின்றது. அதற்கடுத்த நாளும் நின்றது. பகிடி விட்டுச் சிரித்துச் சாப்பிடுகிற பழக்கம் வந்தது. வீட்டில் மட்டும் அதே "பசியில்ல புள்ள".

ஒருநாள் சுபஹுக்குப் பிறகு வீடு அமைதியாகக் கிடந்தது. அடுப்பு எரியவில்லை. சம்பல் இடிக்கிற சத்தம் இல்லை. றுகையா கதவுநிலையில் சாய்ந்து நின்று அவனையே பார்த்தாள். பசியாறச் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. என்னவோ மாதிரி இருந்தது. ஆனாலும் போய்விட்டான்.

பாண்டிருப்பில் முதல் அப்பத்தைப் பிய்த்தபோது பின்னால் மணிச் சத்தம் கேட்டது. திரும்பினான். பக்கத்து வீட்டு றிஸ்னாவிடம் இரவல் வாங்கிய சைக்கிளில் றுகையா வந்து இறங்கினாள். அபாயாவின் ஓரமெல்லாம் புழுதி. மூச்சு வாங்கியது. இந்தக் கடையைப் பற்றிப் பற்றவைத்தவளும் அந்த றிஸ்னாதான் என்பது அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது.

றுகையா வாங்கில் அவனுக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"எனக்கும் போடுங்க."

ஒரு வாய் தின்றாள். "நல்லாத்தான் இருக்கு. பசியில்லாத ஆளுக்கே பசி வரும்."

செல்லத்தங்கத்துக்கு விளங்கிவிட்டது. "நானாட வீட்டுக்காரியா ராத்தா?"

"ஓம். உங்கட மனிசன் எங்க?"

கேள்வியில் கத்தி இருந்தது. செல்லத்தங்கம் சட்டியை இறக்கி வைத்தாள்.

"கல்முனைக்குச் சாமான் வாங்கப் போனவர் ராத்தா. ரெண்டு வருசமாச்சு. ஆரோ வேன்ல ஏத்திட்டுப் போனதாம். சண்ட முடிஞ்சிட்டுத்தானே, இனி விடுவாங்க எண்டு சொல்றாங்க. பாப்பம்."

றுகையா கோப்பையைத் தள்ளி வைத்தாள். செல்லத்தங்கத்தின் நெற்றியில் இருந்த குங்குமத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு, "நான் அல்லாகிட்ட துஆக் கேக்கிறன் தங்கச்சி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எழுந்தாள்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவள் முன்னால் நடக்க, மசூர் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் நடந்தான். காவலரண் தாண்டியதும் அவள் திரும்பினாள்.

"நான் சுட்ட ரொட்டியெல்லாம் கோழிக்குத்தான் போச்சு. ஏன்?"

"நீ அவனுக்கெல்லோ சுட்ட."

அவள் நின்றுவிட்டாள். "ஆருக்கு?"

"றாஸிக்குக்கு."

அந்தப் பெயரை அவள் முன்னால் அவன் சொன்னது அதுதான் முதல்முறை. வாய் கசந்தது. றுகையாவின் கண் நிறைந்தது. ஆனால் குரல் உடையவில்லை.

"அவர நினைக்கிறதுதான். இல்லையெண்டு பொய் சொல்ல மாட்டன். ஆனா மௌத்தான ஆளுக்கு ஆரும் ரொட்டி சுடுறல்ல. உங்களுக்கு என்ன விருப்பம் எண்டு நீங்க ஒருநாளாவது சொன்னீங்களா? எனக்குத் தெரிஞ்சது ஒரு ஆம்புளைட நாக்கு. அதத்தான் வெச்சன். நான் மௌத்தானவர நினைச்சன். நீங்க உயிரோட இருக்கிற ஒருத்திட கையால திண்டீங்க. மறுகா, குத்தம் ஆர்ட?"

அவர நினைக்கிறதுதான் என்று அவள் சொன்னது மசூரை நெருப்பாய்ச் சுட்டது. ஆனால் இத்தனை நாளும் இருட்டில் தேடித் தடவிய முள் இப்போது கண்ணுக்குத் தெரிந்தது போலவும் இருந்தது.

"பழஞ்சோறு," என்றான் கடைசியில்.

"என்ன?"

"காலையில எனக்குப் பழஞ்சோறுதான் விருப்பம். தயிரும் பொரிச்ச கருவாடும். பச்ச மிளகாயும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சிரித்துவிட்டாள். "அல்லாவே! இதச் சொல்லவா இவ்வளவு காலம்?"

அடுத்த நாள் காலை சைக்கிள் சுவரோடு சாய்ந்து கிடந்தது. மசூர் பாயில் இருந்து பழஞ்சோற்றைப் பிசைந்தான். கருவாடு மொறுமொறுவென்று இருந்தது. றுகையா எதிரே முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

"அவ நல்ல வடிவு, என்ன?"

"ஆரு?"

"அப்பக்கடைக்காரி."

அவன் மிளகாயைக் கடித்தான்.

"கேட்டது விளங்கல்லையா?"

அவளுடைய மூக்கு நுனி சிவந்திருந்தது. தன்னை நினைத்து ஒருத்தி இப்படி எரிவாள் என்று மசூர் கனவிலும் நினைத்ததில்லை. மனதுக்குள் குளிர்ந்தது. பதில் சொல்லாமல் இன்னொரு அகப்பை சோறு கேட்டான். அதை அவன் ஆறுதலாகத் தின்று முடிக்கும்வரை அவள் எழும்பவில்லை, கேட்பதையும் விடவில்லை. அன்று வேலைக்குப் பிந்திப் போய், பாஸிடம் நல்ல ஏச்சும் வாங்கினான்.